எதை முதலில் ஏற்றுவது

மூன்று கம்பெனிகளின் பக்கங்களையும் அருகருகே திறந்துவைத்துக்கொண்டு வினோதினி ஒன்றரை மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாள். இப்போது இரண்டேகால். ஒரு முடிவுக்கும் வந்தபாடில்லை. நீலத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று, பூட்டுப் படம் போட்டது ஒன்று. மூன்றும் ஒரே சத்தியத்தைத்தான் வேறுவேறு வார்த்தையில் செய்துகொண்டிருந்தன: உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் எரிந்து போனாலும் திருடு போனாலும் வெள்ளத்தில் மிதந்தாலும், அதில் இருந்ததெல்லாம் இணையம் வழியாக எங்களிடம் வந்து பத்திரமாக இருக்கும். அதில் இருந்ததெல்லாம். அங்கேதான் ஒவ்வொரு தடவையும் கண் போய் முட்டி நின்றது. வியாழக்கிழமை ஈரோட்டில் அம்மாவுக்குத் தொண்டை ஆபரேஷன், இன்றைக்குத் திங்கள். கட்டி குரல்பெட்டியைச் சுற்றிக்கொண்டுவிட்டது, பெட்டியையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது அம்மா சாரதாமணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், "பேச்சு வருமுங்களா?" அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "மூச்சு வரும்மா, சோறு எறங்கும், ஆளு நல்லா இருப்பீங்க, பேச்சுக்கு வேற வழி பழகிக்கலாம்" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் இல்லை என்பதைச் சொல்ல எத்தனை வார்த்தை. திரும்பி வருகையில் பஸ் பள்ளிபாளையம் பாலம் தாண்டியதும் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள், "போனாப் போகுது போ அம்மிணி. நான் இத்தன வருசம் பேசுனதெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குதல்ல. உங்கப்பனுக்கு வேணும்னா போட்டுக் கேட்டுக்கட்டும், நீயும் கேட்டுக்க." வினோதினி "ம்" என்றாள். பதினாறு நாளாயிற்று. அந்த ஒரு "ம்" இறங்க வேண்டிய இடம் தாண்டியும் இறங்காத ஆள் மாதிரி கூடவே வந்துகொண்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் அம்மாவின் பேச்சு இல்லை. ஒரு வரிகூட இல்லை. அழித்தவள் அவள்தான்.

தெரியாமல் அழித்தேன் என்று சொல்லலாம், அது முழு உண்மையில்லை. தெரிந்துதான் அழித்தாள், எதை அழிக்கிறோம் என்பதுதான் தெரியவில்லை. பதினொன்றாவதைப் பாதியில் விட்டுவிட்டுத் தங்கராசு அண்ணன் ஸ்டுடியோவில் எடிட்டிங் உட்கார்ந்தாளே, அங்கே எந்த விசேஷ வீடியோ வந்தாலும் முதல் வேலை லைவ் சவுண்டை மொத்தமாக மியூட் பண்ணுவது, அப்புறம் மேலே சினிமாப் பாட்டை இழுத்துப் போடுவது. "கேமராவுல வர்ற சத்தமெல்லாம் குப்பை அம்மிணி," என்பார் அவர், டீயை உறிஞ்சிக்கொண்டே. "ரெண்டு அத்தைக்காரிக பொறணி பேசறது கேட்டுச்சுன்னு வெய்யி, ஆல்பம் குடுக்கறதுக்குள்ள சம்பந்தி சண்டை வந்துரும்." கல்யாணம், காதுகுத்து, சீர், புதுமனை புகுவது எதுவானாலும் வாய் அசையும், பாட்டுக் கேட்கும். ஊரில் ஒருத்தர்கூட எங்க பேச்சு எங்கே என்று கேட்டு வந்ததில்லை. வீட்டிலும் அதையே செய்தாள். அப்பா குழந்தைவேல் போர்வெல் வண்டியில் டிரில்லர், வருஷத்தில் ஒன்பது மாதம் சத்தீஸ்கர், ஒடிசா என்று எங்காவது மண்ணைத் துளைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு அனுப்பத்தான் ஒரு பழைய கேமராவை வாங்கி வைத்து, பத்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டைப் படம் பிடித்தார்கள். அம்மா கறிக்கு மசால் அரைப்பது, அம்மா மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சுவது, அம்மா காய்கறிக்காரனோடு மல்லுக்கு நிற்பது. வினோதினி எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி, சத்தத்தை எடுத்துவிட்டு, அப்பாவுக்குப் பிடித்த பழைய பாட்டாகப் பொறுக்கிப் போட்டு அனுப்பினாள். அப்பா வண்டி கேபினில் உட்கார்ந்து அதை நாலு பேருக்குக் காட்டி, "எம் புள்ள பண்ணுனதுடா" என்றாராம். போன வருஷம் தை மாதம் கம்ப்யூட்டரில் இடமில்லை என்று சிவப்புக் கோடு காட்டியது. ஸ்டுடியோவில் வாடிக்கை, ஆள் பென்டிரைவ் வாங்கிப் போய் மூன்று மாதமாகிவிட்டால் ஒரிஜினலைத் தூக்கிவிடுவார்கள். அவளும் தூக்கினாள். பத்து வருஷத்து ஒரிஜினலும் ஒரே மத்தியானத்தில். நிரந்தரமாக நீக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அது எப்போதும் கேட்கிற கேள்விதானே, யார் படிக்கிறார்கள். ஆம். எவ்வளவு இடம் கிடைத்தது என்று பார்த்து அன்றைக்குச் சந்தோஷம்கூடப் பட்டாள், அலமாரியைக் காலிபண்ணி அடுக்கி வைத்த மாதிரி. அதற்கப்புறம் எடுத்ததையும் அப்பாவுக்கு அனுப்பிய கையோடு தூக்கிவிடுவது வழக்கமாயிற்று.

இப்போது அந்தச் சுத்தமான கம்ப்யூட்டருக்குக் காவல்காரன் தேடிக்கொண்டிருக்கிறாள். எதற்கு? யாராவது கேட்டால் என்ன சொல்வாள்? ஆனால் யாரும் கேட்கவில்லை, கேட்கக்கூடியவள் அம்மா ஒருத்திதான், இதுவோ அவளே சொல்லிவிட்ட வேலை. "அந்தப் பொட்டி டொக்கு டொக்குனு அடிச்சுக்குது பாரு, அது ஒருநாள் நின்னுச்சுன்னா என்ற பேச்சும் போச்சு, அதுக்கு என்னமோ இன்டர்நெட்டுல ஏத்தி வெக்கலாமாமே, ஏத்தி வெய்யி" என்று போன வாரம் சொன்னாள், அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை இருமினாள். ஆகவே வினோதினி தேடுகிறாள். தேடுவது வேலை, வேலை செய்கிறவளை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். நீலக் கம்பெனி மொத்தக் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொள்ளும், அளவே கிடையாது, ஆனால் இங்கே அழித்ததை அங்கே முப்பது நாள்தான் வைத்திருக்கும். பூட்டுக் கம்பெனியில் சாவி உங்களிடம்தான், சாவிச் சொல்லை நீங்கள் மறந்தால் எங்களாலேயே திறக்க முடியாது என்று அவர்களே பெருமையாகப் போட்டிருக்கிறார்கள், தொலைத்துவிட்டால் எங்களைக் கேட்காதே என்பதைப் பெருமையாகச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். பச்சைக் கம்பெனி பேக்கப்பே இல்லை, இங்கே இருப்பது அங்கேயும் இருக்கும், இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், கண்ணாடி மாதிரி. பாதிப் பேர் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் பச்சையை வாங்கிவிட்டு அப்புறம் குய்யோ முறையோ என்று எழுதுகிறார்கள். ஒரு அம்மா, எந்த ஊரோ, என் பையனின் போட்டோவெல்லாம் போய்விட்டது, திருப்பிக் கொடுங்கள் என்று எழுதியிருந்தாள். கீழே கம்பெனிக்காரன் பதில் போட்டிருந்தான், தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். நீலத்தைப் பார்த்தபோதுதான் நினைவு வந்தது. போன வருஷம் இதையே பதினைந்து நாள் இலவசமாகப் போட்டுப் பார்த்தாளே! எந்த மாதம்? தைக்கு முன்னாலா, பின்னாலா? மார்கழியில், கோலப்போட்டி வீடியோ செய்தபோது. முன்னால்! பழைய பாஸ்வேர்டை நாலு விதமாக அடித்துப் பார்த்தாள், ஐந்தாவதில் திறந்தது. உள்ளே வெள்ளையாக ஒரு பக்கம். உங்கள் இலவசக் காலம் முடிந்ததால் உங்கள் கோப்புகள் அகற்றப்பட்டன. தேதியும் போட்டிருந்தது. பதினைந்து மாதத்துக்கு முந்திய தேதி. அம்மா பேசியதில் கொஞ்சமாவது அங்கே போய், எந்த நாட்டிலோ குளிரில் கொஞ்சநாள் இருந்துவிட்டு, யாரும் வராததால் போயிருக்கிறது. அந்த வெள்ளைப் பக்கத்தை மூட மனசு வராமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள், அரை நிமிஷம் இருக்கும்.

முன்ரூமில் அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தோல் கிழிகிற சரக் சரக், வெங்காயம் தட்டில் விழுகிற டிங், நடுவே இருமல், இருமலுக்குப் பின்னால் ஒரு செருமல், அப்புறம் மறுபடியும் சரக். நாளைக்கு அப்பா வருகிறார், அவருக்கு வெங்காயக் குழம்பு. இந்த வீட்டில் இவ்வளவு சின்னச் சத்தங்கள் கேட்பதே புதுசு. முன்னால் அம்மா இருந்தால் வேறு எதுவும் கேட்காது. இருபது வருஷம் தறி ஓட்டியவள். தறிக்குடோனில் பக்கத்து ஆளிடம் உப்புக் கேட்பதென்றாலும் அடித்தொண்டையில் கத்த வேண்டும், அந்தக் கத்தலை வீட்டுக்கும் கொண்டு வந்துவிடுவாள். எதிர்வீட்டுக் கண்ணம்மா அத்தை, "ஏனுங்க சாரதா, ரகசியம் சொல்றப்ப மட்டும் சொல்லிப்போட்டுச் சொல்லுங்க, நாங்க சன்னலச் சாத்திக்கறோம்" என்பாள். வினோதினிக்கு அந்தக் குரல் வெட்கமாக இருந்தது, உள்ளதைச் சொன்னால் அதுதான். பள்ளிக்கூடத்து வாசலில் நின்று "வினோஓஓ" என்று அம்மா கூப்பிட்டால் முழு வகுப்பும் திரும்பும். ஒன்பதாவது படிக்கும்போது, "நீ வராதம்மா, நானே வந்துக்கறேன்" என்றாள். ஏன் என்று அம்மா கேட்டாள். "உன் கொரலு மைக் செட் மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டாள். அம்மா சிரித்தாள், அப்புறம் வரவில்லை. இதை ஏன் இப்போது நினைக்க வேண்டும். கம்பெனியைத் தேர்ந்தெடு. அறுநூறு ஜிபி, இந்த வீட்டு இணைய வேகத்தில் ஏற்றி முடிக்க நாற்பத்திமூன்று நாள் என்று நீலக் கம்பெனி கணக்குப் போட்டுக் காட்டியது, அவசரமென்றால் எந்தக் கோப்புறை முதலில் ஏற வேண்டும் என்று நீங்களே வரிசை போட்டுக்கொள்ளலாம் என்றது. எதை முதலில் ஏற்றுவது. பெட்டி டொக்கு டொக்கு என்றது. வரிசை போட, ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்தாள், திறந்து மூடினாள். பாட்டு, பாட்டு, பாட்டு. எல்லாவற்றிலும் அம்மா வாயைத் திறந்து என்னமோ சொல்கிறாள், வேறு யாரோ ஒருத்தி பாடுகிறாள். மீன் தொட்டிக்குள் இருக்கிறவள் மாதிரி அம்மா.

அப்போதுதான் அந்தக் கோப்புறை. எடிட்டிங் சாஃப்ட்வேர் தனக்காக ஒரு மூலையில் சேர்த்து வைத்துக்கொள்வது, யாரும் திறந்து பார்க்காத இடம். ஒவ்வொரு வீடியோவின் சத்தத்துக்கும் அது ஒரு படம் வரைந்து வைத்திருக்கும், மேடும் பள்ளமுமாக, எங்கே சத்தம் எங்கே அமைதி என்று வெட்டுகிறவளுக்குத் தெரிய வேண்டுமே. ஒரிஜினல் போய்விட்டது, படம் மட்டும் மிச்சம். ஆயிரத்துச் சொச்சம் படங்கள். ஒன்றைத் திறந்தாள். பச்சையாக ஒரு கோடு, நடுநடுவே குன்று. ஆடி பதினெட்டு அன்று எடுத்தது, ஏழு நிமிஷம். அழிக்காமல் விட்ட, பாட்டுப் போட்ட வீடியோவை மேலே ஓடவிட்டு, கீழே இந்தப் படத்தை நகர்த்தினாள். அம்மா வாசலுக்கு வந்து யாரையோ பார்த்துக் கையை ஆட்டுகிறாள், கோடு சடாரென்று மேலே போய் உச்சியில் முட்டுகிறது. அது "ஏய்ய்". வேறென்ன. பிறகு சின்னச் சின்னக் குன்றாக மூன்று, வாய் பெரிசாகத் திறந்திருக்கிறது, சிரிப்பு. பிறகு சமதளம், யாரோ பதில் சொல்கிறார்கள், அவ்வளவு சன்னமாக. பிறகு மறுபடியும் அம்மா. சிரித்த இடத்தை விரலால் தொட்டாள். திரை வெதுவெதுப்பாக இருந்தது, அது எல்லாத் திரையும்தான். இதிலிருந்து குரலைத் திருப்பி எடுக்க முடியாது, அவளுக்குத் தெரியும், கால் தடத்தை வைத்துக்கொண்டு ஆளைச் செய்ய முடியாது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு அந்த "ஏய்ய்"யைக் காதில் கேட்டுப் பார்க்க முயன்றாள். வரவில்லை. வந்தது, எட்டு மாதமாகக் கேட்கிற இந்தக் கரகரப்புதான், தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி இருக்குமே அது. பழைய குரலை வரவழைக்க வரவழைக்க இதுவே வந்து அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அப்போதுதான் உண்மையாகப் பயந்தாள். கம்ப்யூட்டரில் போனது போகட்டும், தலைக்குள்ளேயாவது இருக்குமென்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். போனில்? போனில் இருப்பது நாலே நாலு துண்டு, எல்லாம் "ஹலோ ஹலோ, ஏனுங்க, கேக்குதுங்களா" என்று அப்பாவுக்கு அனுப்பப் பார்த்துப் பாதியில் விரலை எடுத்துவிட்டவை. அதிலும் கரகரப்பு வந்துவிட்டது.

சொல்லாமல் விட்டால் என்ன. நிஜமாகவே யோசித்தாள், மூக்கைச் சொறிந்துகொண்டு, வேறு யாருடைய பிரச்சனையையோ யோசிப்பது போல. அம்மா நிம்மதியாக இருக்கிறாள். டாக்டர் சொன்ன அன்றைக்கும் அழவில்லை, கையெழுத்துப் போடும்போதும் கை நடுங்கவில்லை, காரணம் இந்தப் பெட்டி. தன்னுடைய பேச்சு ஏற்கெனவே பத்திரமாக வேறொரு இடத்தில் இருக்கிறது, டாக்டர் எடுப்பது காலிப் பெட்டியைத்தான் என்பது மாதிரி ஒரு கணக்கு அவளுக்கு. அந்தக் கணக்கை இன்னும் மூன்று நாளைக்கு ஏன் கலைக்க வேண்டும். வியாழன் கழியட்டும். கழிந்தபிறகு? தொண்டையில் ஓட்டையோடு, வாய் திறந்தால் காற்று மட்டும் வருகிறவளாக வீட்டுக்கு வந்து, ஒரு நாள் சாயங்காலம் கையால் காட்டுவாள், போடு, கேட்கலாம் என்று. அப்போது எதைப் போடுவாய், பாட்டையா? அப்போது அம்மாவால் திட்டக்கூட முடியாது. அதற்காகத்தான் ஒத்திப்போடுகிறேனா? திட்ட முடியாத ஆளிடம் சொன்னால் சுலபம் என்றா? ச்சீ. ஊரே அவளை வாய்த்துடுக்குக்காரி என்றுதான் சொல்லும், மனசில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள் என்று அம்மா பெருமையாகக்கூடச் சொல்வாள். ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் நின்று, "எனக்குப் புரியலைங்க டீச்சர், புரியறாப்பல நடிச்சுக்கிட்டு ரெண்டு வருசம் உக்கார முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள். சித்தப்பா கட்டிய வீட்டைப் பார்த்து, "என்னுங் சித்தப்பா, ரேசன் கடையாட்ட இருக்குது" என்றவள். அதெல்லாம் என்ன பெரிய உண்மை. அடுத்தவருக்கு வலிக்கிற உண்மையைச் சொல்ல யாருக்குத்தான் வராது. தனக்கு வலிக்கிறது ஒன்று வந்ததும் பதினாறு நாளாக மூச்சுக் காட்டாமல் இருந்துவிட்டு, இப்போது கம்பெனி தேடுகிறாள். நீலமா பச்சையா பூட்டா. நாற்பத்திமூன்று நாள். முப்பது நாள். எந்தச் சாவிச் சொல் போடலாம், பெரிய எழுத்து ஒன்றாவது இருக்க வேண்டுமாம். முன்ரூமில் சரக் நின்றது. தட்டை எடுக்கிற சத்தம். செருப்பில்லாத கால்.

"இன்னுமா பாத்துட்டு இருக்கறே?" அம்மா நிலையில் தோளைச் சாய்த்து நின்றாள், வெங்காயத் தட்டு இடுப்பில், கண் இரண்டும் சிவந்து நீர். பேச்சு பாதி காற்றாக வந்தது. "அரை நாளாச்சு. சீலை எடுக்கறவகூட இத்தன நேரம் பாக்கமாட்டா. எது நல்லாருக்குதோ அதுல ஏத்திப்போடு."

"டாக்டர் பேசக் கூடாதுன்னாருல்ல."

"அவுரு சொல்வாரு. மூணு நாள் கழிச்சுப் பேசாமத்தான இருக்கப்போறேன்." அம்மா திரையை எட்டிப் பார்த்தாள். பச்சைக் கோடு அங்கேயே நின்றிருந்தது, உச்சியில் முட்டிக்கொண்டு. "இதென்ன, ஆஸ்பத்திரில நெஞ்சுக்குப் புடிப்பாங்களே, அதாட்ட இருக்குது?"

"உன் பேச்சு," என்றாள் வினோதினி.

"இதா? இப்படித்தான் இருக்குமா உள்ள?" அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. குனிந்து பார்த்தாள், கல்யாணப் பத்திரிகையில் தன் பேரைத் தேடுகிற மாதிரி. "இத்தன ஒசரமாப் போகுது. கண்ணம்மா சொல்றது சரிதானாட்டருக்குது. போடு, கேப்பம்."

போடு, கேட்கலாம். வியாழக்கிழமைக்குப் பின்னால் என்று நினைத்திருந்தது இப்போதே வந்து நிற்கிறது. ம் என்று ஒன்று சொல்லலாம், கரண்டு போகும் நேரம் என்று சொல்லலாம், ஸ்பீக்கர் ஒயர் அறுந்துவிட்டது என்று சொல்லலாம். மூன்றும் வரிசையாக நாக்கின்மேல் வந்து நின்றன. வினோதினி மவுஸைத் தள்ளி வைத்தாள்.

"சத்தம் இல்லம்மா. படம் மட்டும்தான் இருக்குது. சத்தத்த நான் அழிச்சுட்டேன். எல்லாத்தையும். போன வருசம் தையிலயே. இடம் பத்தலைன்னு ஒரிஜினலத் தூக்கிட்டேன், நிரந்தரமா எடுக்கட்டுமானு பொட்டி கேட்டுச்சு, ஆமான்னுட்டேன், மிச்சமிருக்கறதுல எல்லாம் பாட்டுத்தான் இருக்குது. உன் பேச்சு ஒண்ணுகூட இல்ல. அன்னிக்குப் பஸ்ஸுல நீ கேட்டப்ப ம்முன்னு சொன்னேன். அது பொய்யி."

அம்மா வெங்காயத் தட்டைக் கீபோர்டு பக்கத்தில் வைத்தாள், வைத்ததில் நாலு உருண்டு கீழே போயின, எடுக்கவில்லை. பச்சைக் கோட்டைப் பார்த்தாள், அப்புறம் மகளைப் பார்த்தாள், அப்புறம் மறுபடியும் கோட்டை. "ஒண்ணுகூடவா?" "ஒண்ணுகூட." "கூழு காச்சுனது? உங்கப்பன் போன்ல கூப்புட்டுப் பேசுனது, அந்த மழை நாளு?" "அதுலயும் பாட்டுத்தாம்மா." அம்மாவின் கழுத்தில் ஒரு நரம்பு எழும்பியது. பிறகு வந்தது. எங்கிருந்துதான் வந்ததோ, அந்தத் தகரத் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. "உனக்கு அறிவிருக்குதாடி? எடுபட்டவளே. ஏண்டி, என்ற வாயி உனக்குக் குப்பையா? பத்து வருசம்! ஞாயித்துக்கெழமையானா அந்தக் கேமராவத் தூக்கீட்டு வந்து மூஞ்சிக்கு நேரா நீட்டுனியே, நான் என்ன பொம்மையா, வாய மட்டும் ஆட்டறதுக்கு? அந்த மனுசன் ஒம்பது மாசம் காட்டுல கெடக்கறாரு, அவுருக்கு என்ற கொரலக் கேக்கறதுக்குப் பதுலா எவளோ பாடறதப் போட்டு அனுப்பியிருக்கறே. அவுருகூட ஒரு நாள் கேட்டாரு, ஏன் சாரதா, நீ பேசறது ஒண்ணும் கேக்கறதில்லையேனு, புள்ள அழகாப் பண்ணியிருக்குது, கம்முனு பாருங்கனு நாந்தான் சொன்னேன். நாந்தாண்டி சொன்னேன்!" நடுவே குரல் உடைந்து காற்றாகப் போனது, நிற்கவில்லை, காற்றாகவே திட்டினாள். மறுபடி பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தை விட்டது, சித்தப்பா வீட்டில் பேசியது, அவிழ்த்த துணியைக் குளியலறையிலேயே போடுவது எல்லாம் வந்தது, இருபத்திமூன்று வருஷத்துப் பாக்கியும் வந்தது. வினோதினி அப்படியே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் எச்சில் தெறித்தது, துடைக்கவில்லை. இதுதான், இது அதுதான், அடியில் எங்கேயோ, தகரத்துக்கு அடியில், தறிச் சத்தத்தைத் தாண்டிப் போகிற அந்தக் குரல் இருக்கிறது, போகவில்லை, இன்னும் போகவில்லை.

இருமல் வந்து நிறுத்தியது. அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு இருமினாள், குனிந்து, நெடுநேரம். வினோதினி எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள். இரண்டு மடக்கு குடித்தாள், விழுங்கும்போது வலித்தது முகத்தில் தெரிந்தது. கட்டிலில் உட்கார்ந்தாள். மூச்சு சரியாக ஐந்து நிமிஷம் ஆயிற்று. முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு, மகளைப் பார்க்காமலே கேட்டாள்.

"இதையாவது எடுத்தியா?"

"எத?"

"இப்பப் பேசுனத."

வினோதினிக்குச் சட்டென்று புரியவில்லை. மேஜைமேல் கிடந்த போனைப் பார்த்தாள். "இல்லையே."

"வெளங்குச்சு," என்றாள் அம்மா. "எம்புட்டுப் பேசியிருக்கறேன்." கீழே கிடந்த வெங்காயம் ஒன்றைக் காலால் பக்கத்தில் இழுத்து எடுத்துத் தட்டில் போட்டாள். "எடு. போன எடு. மறுபடியும் திட்டறேன்."

வினோதினி போனை எடுத்து, பதிவை அழுத்தி, கட்டிலில் அம்மாவின் முட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். சிவப்புப் புள்ளி மினுங்கியது. அம்மா அதைப் பார்த்தாள். முதுகை நேராக்கினாள், முந்தானையைச் சரிசெய்தாள், குங்குமம் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுக்கூடப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். கோபம் வரவில்லை. "பேரு சாரதாமணி," என்றாள், ஆஸ்பத்திரிச் சீட்டுக்குச் சொல்கிற மாதிரி. "வயசு நாப்பத்தாறு. வீட்டுக்காரர் பேரு சொல்லலாமா? குழந்தைவேலு. ஊரு திருச்செங்கோடு." நிறுத்தினாள். போனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "வேறென்ன சொல்றது? வரமாட்டீங்குதே. நிறுத்திப்போடு, வேஸ்டாப் போகுது. அந்தக் கோழை இழுக்கற சத்தமெல்லாம் வுழுகும், அத வேற நீ வெட்டோணும்."

"வெட்டமாட்டேன்."

"சும்மா இருக்கறதையெல்லாமா எடுப்பாங்க?"

"எடுப்பேன். நீ பேசினாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி. நான் நிறுத்தறதா இல்ல."

"நிறுத்தமாட்டாளாம்," என்றாள் அம்மா. குரல் அடியிலிருந்து கொஞ்சம் மேலே ஏறியது. "வந்துட்டா இப்ப. அன்னிக்கு அந்த நிரந்தரமா எடுக்கட்டுமானு கேட்டுதாமே அந்தப் பொட்டி, அதுகிட்டச் சொல்லியிருக்கோணும் இந்த வீராப்பெல்லாம்." தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள். ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலைக் கிழித்தாள். "உக்காரு கீழ. உரிச்சுக்கிட்டே கேளு. அந்த மழை நாளு உங்கப்பன் என்ன சொன்னாரு தெரியுமா உனக்கு? தெரியாது. நீதான் பாட்டுப் போட்டயே. சொல்றேன், அவுரு சொன்னாப்பலயே சொல்றேன், அப்பத்தான் உனக்கு உறைக்கும்."

வினோதினி தரையில் உட்கார்ந்தாள். போனில் எண் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டு நிமிஷம் பதினொன்று, பன்னிரண்டு. தெருவில் ஒரு தண்ணி லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது, ஹாரன் ஓயட்டும் என்று அம்மா காத்திருக்கவில்லை, அதற்கும் மேலே ஒரு பிடி ஏற்றிப் பேசினாள்.